இடம் மட்டும் கேட்டால் போதாது: நீலகிரியில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வழி

ஜூன் முதல் வாரம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் போய் நின்றால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "இங்க ஸ்பெஷல் டீச்சர் இல்லைங்க. இவனுக்குன்னு தனி ஸ்கூல் இருக்கு, அங்க பாருங்க." சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கும் மலைப் பள்ளியில் இன்னொரு பொறுப்பு என்றாலே தலைமையாசிரியருக்குப் பயம் வரும். ஆனாலும் அந்தப் பதில் சட்டப்படி செல்லாது. அது செல்லாது என்று காட்டக் கையில் காகிதம் வேண்டும், காகிதம் சேர்க்க மாதங்கள் ஆகும். ஜூனில் சேர்க்க நினைப்பவர்கள் ஜனவரியிலேயே கிளம்பிவிட வேண்டும்.

இன்னொன்று. பெரும்பாலான பெற்றோர் "என் பிள்ளைக்கு இடம் கொடுங்கள்" என்று மட்டும் கேட்கிறார்கள். இடம் கிடைத்துவிடும். பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டு வீடு திரும்பும். காலை 9 மணியிலிருந்து மாலை 4 வரை அந்தப் பிள்ளையின் நாள் எப்படிப் போகும் என்பதைச் சேர்க்கும்போதே எழுத்தில் கேட்க வேண்டும்.

சட்டத்தில் கைப்பிடி எங்கே

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதில் இரண்டு பிரிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவு 31: 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள, 6 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. எது என்ற தேர்வு பிள்ளையுடையது. பள்ளிக்கோ அதிகாரிக்கோ அந்தத் தேர்வைச் செய்யும் அதிகாரமில்லை. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடும். இது 18 வரை போகும்.

பிரிவு 16: அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடத்தைப் புழங்கத் தக்கதாக்க வேண்டும், பிள்ளைக்கு ஏற்ற மாற்றங்களையும் தனிப்பட்ட உதவியையும் தர வேண்டும், போக்குவரத்து வசதி செய்ய வேண்டும். இதற்கு 40 விழுக்காடு வரம்பு கிடையாது. "சர்டிபிகேட்ல 30 சதவீதம்தான் போட்டிருக்கு, அதனால எதுவும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய கான்வென்ட்டுகளும் போர்டிங் பள்ளிகளும் நிறைய. சிறுபான்மை நிறுவனங்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் தரும் 25 விழுக்காடு இடஒதுக்கீட்டை அங்கே கேட்க முடியாது. ஆனால் பிரிவு 16இல் அப்படி விலக்கு எதுவும் இல்லை. இரண்டையும் குழப்பி "எங்களுக்கு ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) கிடையாது" என்று ஒரே பதிலால் மூடிவிடுவார்கள். நீங்கள் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காகிதம் சேர்ப்பது, அதில் வரும் கோளாறுகள்

முதலில் காதும் கண்ணும். பேச்சு வராத, சொன்னது புரியாத பிள்ளைக்கு அறிவுத்திறன் சோதனை எடுப்பதற்கு முன் செவித்திறன், பார்வைச் சோதனை முடிந்திருக்க வேண்டும். காது கேட்காத பிள்ளை மந்தமான பிள்ளையாகக் காகிதத்தில் பதிந்துவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. 0 முதல் 18 வயது வரை இந்தச் சோதனைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் கட்டணமில்லாமல் செய்யலாம். பள்ளிக்கு வருடம் ஒருமுறையும் அங்கன்வாடிக்கு இருமுறையும் வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் பரிந்துரைச் சீட்டு தருவார்கள்.

அடுத்தது மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, பழைய சிகிச்சைச் சீட்டுகள் அனைத்தையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், பந்தலூர் பக்கமென்றால் இன்னும் தூரம். எலும்பு, காது மூக்கு தொண்டை, கண், மனநலம் ஆகிய டாக்டர்கள் எல்லோரும் ஒரே நாளில் இருக்க மாட்டார்கள். எந்தக் கிழமை யார் என்று போனில் கேட்காமல் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி வீண். கல்வித் துறையின் வட்டார வள மையம் ஆண்டுதோறும் நடத்தும் மருத்துவ மதிப்பீட்டு முகாமில் எல்லாரும் ஓரிடத்தில் கிடைப்பார்கள். உங்கள் வட்டாரத்தின் முகாம் தேதியை அந்த மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ஆசிரியர்) முன்பே கேட்டு வைத்துக்கொள்வது மேல். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என மாவட்டத்தில் நான்கு வட்டாரங்கள். பந்தலூர்க்காரர்களுக்கும் கூடலூர்தான்.

இந்த மாவட்டத்துக்கே உரிய கோளாறு மொழி. வீட்டில் படுகு, பணியா, குறும்பா, மலையாளம், கன்னடம் பேசும் பிள்ளையைத் தமிழில் கேள்வி கேட்டுச் சோதித்தால் மதிப்பெண் இறங்கும். வடக்கிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் அப்படியே. சோதனைக்கு முன் உளவியலாளரிடம் வீட்டு மொழியைச் சொல்லி, அதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். பேச்சுத் தேவைப்படாத செயல்வழிச் சோதனைகள் உண்டு. பலகையில் உள்ள குழிகளில் வடிவக்கட்டைகளைப் பொருத்தும் செகுவின் பலகை அவற்றில் ஒன்று. மாலின் அளவுகோல் என்ற அறிவுத்திறன் சோதனையிலும் பேச்சுப் பகுதி, செயல் பகுதி எனத் தனித்தனியே உண்டு. இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடைவெளி அதிகமிருந்தால் அது மொழியாலா என்று கேளுங்கள். தனியாரிடம் சோதனை எடுத்தால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத அறிக்கையை அதிகாரிகள் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

வயதும் முக்கியம். எழுத்தைத் திருப்பி எழுதுகிறான், வாசிக்கத் திணறுகிறான் என்று ஆறு வயதில் ஓடினால் கற்றல் குறைபாட்டுச் சான்று கிடைக்காது. எட்டு வயது, அல்லது மூன்றாம் வகுப்பு வரை காத்திருக்கச் சொல்வார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து உதவுவதும் பிரிவு 16இன்படி பள்ளியின் கடமைதான். அறிவுசார் குறைபாட்டில் ஐந்து வயதுக்குள் வளர்ச்சித் தாமதம் என்றுதான் எழுதுவார்கள், அதற்கு மேல்தான் அறிவுசார் குறைபாடு என்று வரும். அன்றாட வேலைகளைப் பிள்ளை தானே செய்வதை அளக்கும் வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வரை எடுத்தால் குறைபாடு 50 விழுக்காடு, 36 முதல் 54 வரை 75 விழுக்காடு. 70க்கு மேல் போனால் 25தான். "வீட்டில் எல்லாம் செய்வான்" என்று பெருமைக்காகச் சொல்லும் ஒரு வாக்கியம் இந்த எண்ணை மாற்றிவிடும். தானே பித்தான் போடுகிறானா, நீங்கள் சொல்லச் சொல்லப் போடுகிறானா என்பதுவரை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

கடைசியாக எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவேடு. பள்ளியின் எமிஸ் பதிவில் உங்கள் பிள்ளை சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்று, சரியான குறைபாட்டு வகையோடு ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அங்கே ஏறாத பிள்ளைக்கு உபகரணமும் வராது, போக்குவரத்துப் படியும் வராது, பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கான உதவித்தொகையும் வராது. மூன்று வருடம் பள்ளிக்குப் போயும் எதுவும் கிடைக்காத பிள்ளைகளின் கதையைக் கிளறினால், அடியில் பல சமயம் இந்த ஒரு கட்டம் காலியாகக் கிடக்கும்.

எந்த இடம்?

நான்கு வழிகள் உண்டு. பொதுப் பள்ளியில் முழு நாள், சிறப்புப் பயிற்றுநர் அவ்வப்போது வந்து போவார். பொதுப் பள்ளியோடு வாரத்தில் சில நாள் வட்டார வள மையத்தில் பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும். சிறப்புப் பள்ளி. வீடு சார்ந்த கல்வி.

இரண்டாவது வழிதான் மலையில் பலருக்கும் ஒத்துவரும் என்பது எங்கள் கணிப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பழக்கமும் நிற்கும், சிகிச்சையும் நிற்காது. காது கேளாத பிள்ளைக்கு மட்டும் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். சைகை மொழி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத பள்ளியில் அந்தப் பிள்ளை கூட்டத்துக்கு நடுவே தனியாக இருக்கும். நல்ல காது கேளாதோர் பள்ளி கிடைத்தால், சமவெளிக்கு இறங்கியாவது அதை யோசிக்கலாம்.

வீடு சார்ந்த கல்வியில் எச்சரிக்கை தேவை. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின்படி கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பள்ளி தன் வசதிக்குப் பயன்படுத்தி, நடக்கக்கூடிய, பேசக்கூடிய பிள்ளையையும் "வீட்டுலயே டீச்சர் வருவாங்க" என்று அனுப்பிவிடும். மழைக்காலத்தில் தேவாலா, பந்தலூர் பக்கம் பாதை அடைபட்டால் அந்த டீச்சரும் வர முடியாது. நீங்களாகக் கேட்காத வரை வீடு சார்ந்த கல்விக்கான படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வகுப்பு வயதுக்கேற்றதாக இருக்க வேண்டும், இது கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 4. ஏழு வயதுப் பிள்ளையை அங்கன்வாடிக்குத் திருப்பி அனுப்ப முடியாது. சேர்க்கைக்குத் தேர்வோ நேர்காணலோ வைப்பதையும் பிரிவு 13 தடுக்கிறது.

என்ன கேட்பது: ஒரு பக்கக் குறிப்பு

தலைமையாசிரியரைப் பார்க்கும் முன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். நோயின் பெயர் முதல் வரியில் போதும். மீதி முழுக்கப் பள்ளி நாள். எப்படி வருவான், யார் இறக்கிவிடுவார், எங்கே உட்காருவான், கழிப்பறைக்கு எப்படிக் கேட்பான், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், எந்தச் சத்தத்துக்கு மிரள்வான், எதைக் கொடுத்தால் அமைதியாவான், மதியம் தானே சாப்பிடுவானா. ஒவ்வொன்றுக்கும் எதிரே பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி.

"நல்லா பாத்துக்கங்க" என்பதை யாராலும் நிறைவேற்றவும் முடியாது, மீறவும் முடியாது. "கரும்பலகையிலிருந்து முதல் வரிசை, ஜன்னலுக்கு முதுகு காட்டி" என்று கேளுங்கள். "11 மணிக்கும் 2 மணிக்கும் கழிப்பறைக்கு நினைவூட்டல்" என்று கேளுங்கள்.

சக்கர நாற்காலிப் பிள்ளைக்குச் சாய்தளம் கேட்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். முறையான சரிவு 1க்கு 12. அரையடிப் படி பத்து இருந்தால் உயரம் 5 அடி, சாய்தளம் 60 அடி நீளம் வேண்டும், நடுவில் ஓய்வுத் தளம் தனி. மலைச்சரிவில் கட்டிய பள்ளியில் அவ்வளவு இடம் ஏது? செங்குத்தாக ஒரு சாய்தளத்தைக் கட்டிவிட்டு வசதி செய்துவிட்டோம் என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள், மழையில் பாசி பிடித்தால் நடப்பவர்களே வழுக்கி விழுவார்கள். சாலை மட்டத்தில் இருக்கும் அறைக்குப் பிள்ளையின் வகுப்பையே மாற்றச் சொல்லுங்கள். செலவில்லை, ஒரு வாரத்தில் முடியும். கழிப்பறையும் அதே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காது கருவி போடும் பிள்ளைக்குப் பனியும் ஈரமும் எதிரி. இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி போட்ட மூடிய டப்பாவில் கருவியை வைக்க வேண்டும், பள்ளியில் ஒரு செட் உபரி பேட்டரி வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்த நாள் அந்தப் பிள்ளைக்கு விடுமுறை நாள்தான்.

போக்குவரத்தைப் பற்றி எழுதும்போது பள்ளி எத்தனை கிலோமீட்டர் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) எதிர் மேட்டில் தெரியும் பள்ளி மேப்பில் ஒரு கிலோமீட்டர் காட்டும், பள்ளத்தில் இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம். எத்தனை படி, எந்த இடத்தில் யானை நடமாட்டம், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். துணைக்கு வருபவருக்கான படியையும் இதே கடிதத்தில் கேளுங்கள். தனியாக ஒரு ஆயாவைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்தால்தான் சேர்ப்போம் என்று தனியார் பள்ளி நிபந்தனை போட்டால் அந்த நிபந்தனையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள்.

கடிதம்

வாய்ப்பேச்சு எவ்வளவு நன்றாகப் போனாலும் கடிதம் கொடுங்கள். இந்த அளவு போதும்:

பெறுநர்: தலைமை ஆசிரியர்
பொருள்: மகள் (வயது 7, அறிவுசார் குறைபாடு 50 விழுக்காடு) இரண்டாம் வகுப்புச் சேர்க்கையும் கற்றல் உதவிகளும் கோருதல்
ஐயா/அம்மா, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 31இன்படி என் மகளுக்குத் தங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்துள்ளேன். பிரிவு 16இன்படி அவளுக்குத் தேவையான உதவிகளைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர் முன்னிலையில் தனிநபர் கல்வித் திட்டம் தயாரிக்க ஒரு தேதி குறித்துத் தருமாறு வேண்டுகிறேன். சேர்க்க இயலாது என்றால் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இணைப்பு: சான்றிதழ் நகல், மதிப்பீட்டு அறிக்கை நகல், உதவிகள் பட்டியல்

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெறப்பட்டது" என்று தேதி, கையெழுத்து, முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம், அன்றைக்கே பெற்றதற்கான ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பிவிடுங்கள். அசல் சான்றிதழை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். கடைசி வாக்கியம்தான் கடிதத்தின் முதுகெலும்பு. முடியாது என்று வாயால் சொல்வது எளிது, கையெழுத்துப் போட்டுச் சொல்ல யாரும் முன்வருவதில்லை.

கடிதத்தில் கேட்ட தனிநபர் கல்வித் திட்டம் என்பது உங்கள் பிள்ளைக்கென்று எழுதும் கற்றல் திட்டம். அதற்கான கூட்டத்துக்கு வகுப்பாசிரியர், சிறப்புப் பயிற்றுநர், பெற்றோர் மூவரும் இருந்தாக வேண்டும். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் மாலை நேரத்தைக் கேட்கலாம், தவறில்லை. இலக்குகளைச் சிறியதாகவும் அளக்கத் தக்கதாகவும் எழுதச் சொல்லுங்கள். "தமிழ் வாசிப்பில் முன்னேற்றம்" என்பது இலக்கல்ல. "செப்டம்பருக்குள் உயிரெழுத்து பன்னிரண்டில் எட்டைப் பார்த்ததும் சொல்வாள்" என்பது இலக்கு. யார் சொல்லித் தருவது, வாரம் எத்தனை முறை, எந்த நாள் என்றும் எழுத வேண்டும். சிறப்புப் பயிற்றுநருக்குப் பல பள்ளிகள். தொடக்கநிலையில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நிலை வரும்வரை, அவர் வராத நாளில் வகுப்பாசிரியர் என்ன செய்வார் என்பதும் திட்டத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபார்வைத் தேதியை அங்கேயே குறித்துவிடுங்கள்.

மறுத்தால்

ஏழு நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் கடித நகலோடு அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிக்கு அதற்கான மாவட்டக் கல்வி அலுவலர். இன்னும் பதினைந்து நாள். பிறகு முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு. அதே வாரத் திங்கட்கிழமை ஊட்டி பிங்கர்போஸ்ட் கூடுதல் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் இன்னொரு மனு. மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, முதல்வரின் முகவரி 1100 ஆகிய எண்களிலும் பதியலாம். ஆனால் போன் புகார் காகித மனுவுக்குத் துணைதான். இதற்கிடையே பள்ளி மேலாண்மைக் குழுவை மறந்துவிடாதீர்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அறை மாற்றம், கழிப்பறை போன்றவற்றை அங்கேயே தீர்மானமாகப் போட்டு முடித்துவிடலாம், ஊட்டிக்கு அலைய வேண்டியதில்லை.

அதிகாரிகளிடம் மனு தூங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "இந்தத் தேதியிட்ட மனு மீது எடுத்த நடவடிக்கை, குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரம் பதில் வரும் முன் சேர்க்கை வந்துவிடும்.

கடைசிப் படி சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். பிரிவு 80இன்படி அவர் விசாரிக்கலாம், சாட்சிகளை அழைக்க சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. வக்கீல் வேண்டியதில்லை, தபாலில் மனு அனுப்பலாம். அவர் பரிந்துரை செய்தால் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று பிரிவு 89 சொல்கிறது. அதை முதல் கடிதத்திலேயே எழுதி மிரட்டாதீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை உட்காரப்போவது அதே ஆசிரியரின் வகுப்பில்.

சேர்ந்த பிறகு

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் "டி.சி. வாங்கிட்டுப் போங்க, அவனுக்கே நல்லது" என்ற பேச்சு தொடங்கும். பள்ளி தானாக வெளியேற்றினால் குற்றம், பெற்றோர் விண்ணப்பித்து வாங்கினால் குற்றமில்லை. அதனால்தான் விண்ணப்பம் உங்கள் கையெழுத்தில் கேட்கப்படுகிறது. வெற்றுத் தாளிலோ "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று அச்சடித்த தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். பாதி நாள் மட்டும் அனுப்பச் சொன்னாலும் அதேதான்: எத்தனை நாளைக்கு, எதற்காக, முழு நாளுக்கு எப்போது மாறும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பத்தாம் வகுப்பை நினைத்து ஒன்பதிலேயே தயாராகுங்கள். ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் பள்ளி வழியாகத்தான் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும். பரீட்சை மாதத்தில் சான்றிதழ் தேடினால் நடக்காது. கற்றல் குறைபாட்டுச் சான்றைப் பதினான்கு வயதில் புதுப்பிக்க வேண்டும். அது பலருக்கும் சரியாக ஒன்பதாம் வகுப்பில் வந்து நிற்கும், தவறவிட்டால் பழைய சான்று செல்லாமல் போகும். எழுதுபவரோடு பழக்கமில்லாத பிள்ளை பொதுத்தேர்வு அறையில் வாயே திறக்காது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலிருந்தே எழுதுபவரை வைத்துத் தேர்வெழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தலைமையாசிரியரின் அனுமதியே போதும்.